பிடிமண்: ஊர் நினைவு கட்டா, கடனா?

சாத்தான்குளம் என்ற பெயரை முதன்முறை கேட்கும் வெளியூர்க்காரர் சற்றுத் திகைப்பது உண்டு. விவிலியத்தில் வரும் சாத்தானுக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சாத்தன் என்பது ஐயனாரின் பழைய பெயர். சங்கப் புலவர்களின் பெயர்களிலும் அது வருகிறது. சாத்தனுக்கு உரிய குளம் என்று கொள்வதே பொருத்தம். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், முத்துக்குளித்துறைக் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த வட்டம் இது. மழை குறைவு. கருமேனியாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். நெல் விளையும் தாமிரபரணிக் கரையோடு ஒப்பிட்டால் இது பசியறிந்த சீமை. அதனால்தான் இங்கே பிறந்த ஏராளமானோர் சென்னையில் மளிகைக்கடை வைத்தார்கள், பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள், கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள்.

போனவர்கள் ஊரை மறக்கவில்லை. நாற்பது ஆண்டு கடையில் நின்ற பெரியவரும் பேச்சு வாக்கில் எப்படியோ பனங்காட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார். இந்த நினைவை ஆன்மிக நோக்கில் எப்படி மதிப்பிடுவது என்பதே இங்குள்ள கேள்வி. துறவு நெறிகள் ஊரையும் உறவையும் பற்று என்று சொல்லி விடச் சொல்கின்றன. இல்லற நெறிகளோ முன்னோரையும் பிறந்த மண்ணையும் மறப்பது பிழை என்கின்றன. குழந்தைப் பருவத்து ஊர் நினைவு உயிரைக் கட்டி வைக்கும் கயிறா, உயிர் அடைத்தே ஆக வேண்டிய கடனா?

அந்த நினைவில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அதன் நடுவில் நிற்பது பனை. பாளை வெளிவரும் பருவத்தில் பனையேறி விடியுமுன் எழுவார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியுடன் ஏறுவார். பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இருந்தால்தான் அது பதனீர், இல்லையென்றால் கள்ளாகிவிடும். பயினி என்று இப்பக்கத்துப் பேச்சில் சொல்லப்படும் அந்தப் பதனீரை ஓலைப்பட்டையில் வாங்கிக் குடித்தது, விடிலி என்னும் குடிசையில் அம்மா காய்ச்சும்போது பாகாகத் திரளும் கூப்பனியின் வாசனைக்கு அடுப்பைச் சுற்றி நின்றது, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்த கருப்பட்டியின் ஓரத்தைச் சுரண்டித் தின்றது, நுங்குக் கூந்தலில் வண்டி செய்து தேரி மணலில் ஓட்டியது என்று நினைவு நீளும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சுவைக்கு அதிகார முத்திரை விழுந்தது அப்போதுதான். இப்பக்கத்துப் பிள்ளைகளின் நாக்குக்கு அது என்றைக்கோ தெரியும்.

நாக்கின் இந்த நினைவைத் தத்துவவாதிகள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கௌதமரின் நியாய சூத்திரம் ஆன்மா உண்டு என்று நிறுவுவதற்கு இதைத்தான் சான்றாகக் காட்டுகிறது. புளித்த பழத்தைக் கண் காண்கிறது. நாவில் நீர் ஊறுகிறது. கண்டது கண், ஊறியது நாக்கு. முன்பு சுவைத்ததையும் இப்போது காண்பதையும் இணைக்கிற ஒருவன் உள்ளே இல்லாமல் இது நடக்காது. அவனே ஆன்மா என்பது அந்த வாதம். பௌத்தர் இதை ஏற்கவில்லை. கணந்தோறும் மாறுகிற எண்ணங்களின் தொடரே போதும், நினைவைச் சுமக்க நிலையான ஒருவன் வேண்டியதில்லை என்பது அவர்கள் மறுப்பு. வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொண்டே வாதிட்டன: நினைவு வெறும் பொழுதுபோக்கு அன்று, மனிதன் யார் என்ற கேள்வியே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது.

மேற்கிலும் இதே கேள்வி எழுந்தது. இங்கிலாந்தின் ஹெரஃபோர்டில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த தாமஸ் டிரஹேர்ன், 17ஆம் நூற்றாண்டில், சிறுவயதில் தான் கண்ட கோதுமை வயலையும் தெருவையும் ஏதேன் தோட்டமாகவே எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கிடப்பில் கிடந்து 1908இல்தான் அச்சேறியது. குழந்தை காணும் உலகமே கடவுள் படைத்த உலகம், பெரியவர்களின் பழக்கவழக்கம் அதை மறைத்துவிடுகிறது என்பது அவர் கொள்கை. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்த அகஸ்தீனார் அப்படி எண்ணவில்லை. கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய தன்வரலாற்றில், பதினாறு வயதில் நண்பர்களோடு பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு எறிந்ததை அவர் விடாமல் கிளறிப் பார்க்கிறார். பசிக்காகத் திருடவில்லை, திருட்டின் சுகத்துக்காகவே திருடினேன் என்று தன்னையே கூண்டில் ஏற்றுகிறார். டிரஹேர்னுக்கு நினைவு சொர்க்கம்; அகஸ்தீனாருக்கு நினைவு வாக்குமூலம். ஊர் நினைவைப் பேசுவோர் பெரும்பாலும் முதல் வழியிலேயே போகிறார்கள். இரண்டாவதும் வேண்டும்.

தமிழில் இந்தக் கேள்விக்கு மிக நுட்பமான விடை சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. சித்தாந்தம் உலகத்தைப் பொய் என்று தள்ளுவதில்லை. ஆணவம் என்னும் இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவன் மாயையிலிருந்து நான்கைக் கூட்டித் தருகிறான்: தனு, கரணம், புவனம், போகம். அதாவது உடம்பு, மனம் முதலிய கருவிகள், வாழும் இடம், நுகரும் பொருள். ஊர் அந்தப் புவனத்தில் அடங்கும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையை, விடியும்வரை துணை நிற்கும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். சூரியன் வந்தபின் விளக்கு தேவையில்லை. ஆனால் வழியெல்லாம் வந்தது அந்த வெளிச்சத்தில்தான். இந்தக் கணக்கில் பிறந்த ஊர் உயிருக்கு ஏற்றித் தரப்பட்ட முதல் விளக்கு. சார்ந்ததன் வண்ணம் ஆவது உயிரின் இயல்பு என்பதும் அதே நெறியின் கொள்கை. தேரியில் வளர்ந்த குழந்தையின் உயிரில் தேரியின் செம்மை ஏறித்தான் இருக்கும்.

இந்தத் தத்துவத்தைப் படிக்காத மக்கள் தங்கள் வழியில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் குடும்பம் ஒன்று ஊரைவிட்டுப் பெயரும்போது, குலதெய்வக் கோயிலில் பூசை செய்து, அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொள்ளும். பிடிமண் என்று அதற்குப் பெயர். புதிய ஊரில் பீடம் கட்டும்போது அந்த மண்ணை அடியில் இட்டு, அதன்மேல் சுடலைமாடனையோ இசக்கியம்மனையோ நிலைநிறுத்துவார்கள். சிலை செய்வதற்குத் தச்சரோ குயவரோ வேண்டும். பிடிமண்ணுக்கு உள்ளங்கை போதும். இலங்கை மலையகத்துக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்கள் மாடசாமியையும் முனியாண்டியையும் மாரியம்மனையும் அங்கே நிறுவிக்கொண்டதும் இந்த மனத்தோடுதான். அவர்களிடம் ஊரின் பத்திரம் இல்லை, பட்டா இல்லை. நினைவு மட்டுமே சொத்து. அதை வழிபாடாக மாற்றியதால்தான் நான்கு தலைமுறை தாண்டியும் அழியாமல் இருக்கிறது.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் ஐயனார் கோயிலில் கார்த்திகை மாதத்தின் முடிவில் நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவில் மண்ணின் இந்தப் பெருமையை நேரில் காணலாம். கோயிலுக்குப் பின்னால் விரியும் செம்மணல் தேரியில் கள்ளனாகப் பாவித்து ஓர் இளநீரை வெட்டுவார்கள். வெட்டிய நொடியில் கூட்டம் பாய்கிறது. இளநீர் சிந்தி நனைந்த மணலைப் பிள்ளைகளும் பெரியவர்களும் கைநிறைய அள்ளி முந்தானையிலும் துண்டிலும் பையிலும் முடிந்துகொள்கிறார்கள். அந்த மணல் வீட்டுக்கும் வயலுக்கும் போகிறது, சென்னைக் கடைகளின் கல்லாப்பெட்டிக்கும் போகிறது. தேரி மணலின் துகள்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு பூசிய படிகக்கல் என்று நிலவியல் சொல்லும். பல்லாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த மக்களின் நுண்கற்கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைத்திருப்பதை ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் 1956இல் ஆராய்ந்து எழுதினார்கள். அள்ளுகிறவர்களுக்கு இவையெல்லாம் தெரியாது. ஆனாலும் தங்களுக்கு முன் இந்த மண்ணில் யாரோ வாழ்ந்தார்கள் என்பதை அவர்களுடைய கை அறிந்திருக்கிறது.

பங்குனி உத்திரத்தன்று நடப்பது இதைவிட அமைதியானது, இதைவிட ஆழமானது. நெல்லை, தூத்துக்குடிச் சீமைகளில் அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தா கோயிலுக்கு, அதாவது தன் ஐயனார் கோயிலுக்குப் போக வேண்டும். குளக்கரையிலோ காட்டிலோ தேரிக்குள்ளோ இருக்கும் சிறிய கோயில்கள் அவை. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த ஐயனார் கோயில் போலச் சில பெரிதாக வளர்ந்துவிட்டன. மூன்று கல் கூட்டிப் பொங்கலிட்டு, சாஸ்தாவுக்குச் சைவப் படையலும் பரிவார தெய்வங்களுக்கு அசைவப் படையலும் வைப்பார்கள். படையல் முடிந்ததும் பெரியவர் பேரனைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்துவார். “ஏல, இதான் நம்ம சாஸ்தா. நல்லா பாத்துக்க. நாளைக்கு நீதான் வரணும்.” அந்த ஒரு வாசகத்தில் ஒரு குடும்பத்தின் வரலாறு கைமாறுகிறது. தங்கள் சாஸ்தா எது என்று தெரியாமல் போன குடும்பங்களும் உண்டு. தாத்தா சொல்லாமலே இறந்திருப்பார், அல்லது அப்பா கேட்காமலே இருந்திருப்பார். அப்படிப்பட்டவர்கள் எல்லாச் சாஸ்தாவுக்கும் மூலம் என்று நம்பப்படும் காரையாறு சொரிமுத்து ஐயனாரிடம் போகிறார்கள். அங்கே நிற்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் தவிப்பு, மறதிக்குக் கொடுக்கும் விலை.

கிறிஸ்தவம் வந்தபோது இந்த நினைவுக்கு என்ன ஆயிற்று என்பது தனியே எழுத வேண்டிய பெரிய கதை. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் 1799இல் டேவிட் சுந்தரானந்தம் முதலூரை உருவாக்கினார். புதிய மார்க்கத்தில் சேர்ந்ததால் சொந்த ஊரில் எதிர்ப்பைச் சந்தித்தவர்களுக்கான குடியிருப்பு அது. முதல் ஊர் என்ற பெயரே பழைய ஊரைத் துறந்ததைச் சொல்கிறது. பழைய பீடங்கள் கைவிடப்பட்டன. ஆனால் ஊர் கூடிச் சமைத்து ஊரே உட்கார்ந்து உண்ணும் பழக்கம் விட்டுப்போகவில்லை. அது அசனப் பண்டிகையாக ஆலயத்துக்குள் வந்தது. இன்றும் அசனத்துக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் பெற்றோரின் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். சாஸ்தா கோயிலுக்குப் போகும் அண்ணன் குடும்பமும் ஆலயத்துக்குப் போகும் தம்பி குடும்பமும் ஒரே பாட்டனுக்குத்தான் மரியாதை செய்கின்றன.

மிஷனரிகளும் நினைவைச் சுமந்து வந்தவர்கள்தாம். மெய்ஞ்ஞானபுரத்தில் 1870இல் இறக்கும்வரை ஊழியம் செய்த ஜான் தாமஸ் வேல்ஸ் நாட்டவர். அவர் எழுப்பிய பரி. பவுல் ஆலயத்தின் கூர்ங்கோபுரம் 192 அடி உயரம். பனைமட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும் அந்தக் கோபுரம், பிரிட்டன் கிராமங்களில் வயல்களுக்கு நடுவே நிற்கும் ஆலயத்தின் சாயல்தான். அறுப்பின் பண்டிகையும் அப்படியே வந்தது. இன்று நாம் காணும் வடிவில் அதைத் தொடங்கியவர், 1843இல் கார்ன்வால் கரையோரம் மோர்வென்ஸ்டோ என்ற சிற்றூரின் குருவாக இருந்த ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர். அங்கே கோதுமைக் கதிர் வைத்தார்கள். இங்கே வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டிச் சிப்பம், நாட்டுக்கோழி வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிறார்கள். மிஷனரிகளும் தங்களுக்குத் தெரிந்த வழியில் ஒரு பிடிமண் கொண்டுவந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

துறவிகளின் எதிர்வாதத்தைக் கேட்காமல் இந்தக் கேள்வி முடியாது. பட்டினத்தார் செல்வத்தையும் மனைவியையும் விட்டார். ஆயினும் தாய்க்கு ஈமக்கடன் செய்ய வந்து, பச்சை வாழைத்தண்டை அடுக்கிச் சிதை மூட்டினார் என்பது வழிவழிச் செய்தி. ஆதிசங்கரர் தாய்க்காகக் காலடி திரும்பியதாகச் சொல்வதும் இதே போன்றதுதான். அண்மைக் காலத்தில் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி 1896இல் திருவண்ணாமலைக்குப் போனபின் ஊர் திரும்பவில்லை. தாய் அழகம்மாள் மகனைத் தேடி வந்து அங்கேயே தங்கினார். 1922இல் அவர் உயிர் பிரியும்போது ரமணர் தம் கையைத் தாயின் நெஞ்சிலும் தலையிலும் வைத்து உடனிருந்தார். தாயின் சமாதிதான் இன்று மாத்ருபூதேசுவரர் கோயில். எல்லாவற்றையும் விட்டவர்கள் தாய்க்குச் செய்யும் இந்த ஒன்றை விடவில்லை. அப்படியானால் இது பற்று என்ற கணக்கில் சேராது. பிறக்கும்போதே மனிதன் கடன்களோடு பிறக்கிறான் என்று சதபத பிராமணம் சொல்லும் கணக்கில்தான் சேரும். வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரையே முதலில் வைத்தார்.

கடன் என்று சொன்னபின் யாருக்குக் கடன் என்று கேட்டாக வேண்டும். ஊர் நினைவு பெரும்பாலும் தடம் புரள்வது இந்த இடத்தில்தான்.

மகன் நினைவில் பதனீர் இனிக்கிறது. தகப்பனின் மார்பிலும் முழங்கையிலும் உள்ளங்காலிலும் பனை உரசிக் காய்த்துப்போன தோல் இருந்தது. காலையிலும் மாலையிலும் பல பத்துப் பனைகள் ஏறி இறங்கிய உடம்பு அது. தவறி விழுந்து முடமானவர்கள் இல்லாத பனையூர் கிடையாது. விடிலிக்குள் மணிக்கணக்கில் நெருப்பின் முன் நின்று பதம் பார்த்த தாயின் கண்கள் புகையில் கலங்கியே இருந்தன. பிள்ளைக்குக் கிடைத்த ஒரு துண்டு கருப்பட்டிக்குப் பின்னால் இரண்டு உடம்புகள் தேய்ந்திருக்கின்றன. இனிப்பை மட்டும் நினைவில் வைப்பது கடனை மறைப்பதாகும்.

எல்லாருக்கும் ஒரே ஊர் இருந்ததும் இல்லை. பனையேறும் மக்களையே கோயிலுக்குள் விடாத காலம் இருந்தது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கில் 1908இல் பிரிவி கவுன்சில் வரை போயும் நாடார்களுக்குத் தோல்வியே கிடைத்தது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அதே ஊரில், அதே குளத்தின் மறுகரையில் நின்று வேறொரு குழந்தைப் பருவத்தை வாழ்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் நினைவில் ஊர்ப்பொதுக்கிணறு இனிப்பாக இருக்காது. ஊர்ப் பெருமை பேசுகிறவர் இதைத் தாண்டிப் போனால் அகஸ்தீனார் காட்டிய நேர்மைக்குத் தகுதியற்றவர் ஆகிறார்.

பெண்களுக்கும் இந்தக் கடன் உண்டு. சாஸ்தா வழிபாடு தந்தைவழி. திருமணமானதும் பெண் கணவனின் சாஸ்தாவுக்குப் போகிறாள். அவள் சிறுவயதில் பாவாடையில் மணல் அள்ளிய கோயில், பொங்கல் வைத்த மூன்று கல், பாட்டையாவின் கையைப் பிடித்து நடந்த ஒற்றையடிப் பாதை, எல்லாம் அவள் பிள்ளைகளுக்குக் கணக்கில் இல்லை. குழந்தைப் பருவத்து ஊரைத் துறவிக்கு நிகராகத் துறப்பவள் அவள்தான், அதுவும் யாரும் துறவு என்று பெயர் சொல்லாமலே. இது தெய்வ நியதி என்று சொல்வதற்கில்லை. அதே கடற்கரையில் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடம் வீடு பெண்ணுக்கு. மணமானதும் கணவன் மனைவி வீட்டுக்கு வருகிறான். அங்கே பெண் தான் தவழ்ந்த முற்றத்திலேயே பேத்தியைத் தவழவிடுகிறாள். முறை மனிதர் வகுத்தது. மாற்ற முடியாதது அன்று.

சாத்தான்குளச் சீமையின் பழக்கமும் பெண்ணின் ஊரை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. ஒரு பெண் எந்த ஊரில், எத்தனை வயதில் இறந்தாலும் அவள் உடம்பின்மேல் பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். அண்ணன் இல்லையென்றால் அண்ணன் மகன் புதுச்சேலையோடு வருவான். அவன் வரும்வரை எடுப்பதில்லை. எண்பது வயதுக் கிழவியைச் சாவுக்குப் பின்னாவது ஊர் தன் மகள் என்று ஒப்புக்கொள்கிற கணம் அது. ஒப்புக்கொள்ளச் சாவுவரை காத்திருப்பதுதான் வருத்தம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஊர் நினைவு தானாகவே கட்டும் அன்று, தானாகவே புண்ணியமும் அன்று. அனுபவித்ததை மட்டும் எண்ணி மயங்கும்போது அது பாசம். யார் உழைப்பில், யாரை விலக்கிவைத்து அந்த இனிப்பு வந்தது என்று கேட்டு, அதற்கு ஏதாவது செய்யும்போது அது கடன் தீர்த்தல். செய்வதற்கும் வேலை இருக்கிறது. தமிழகத்தின் மாநில மரமான பனை செங்கல் சூளைகளுக்கு வெட்டப்பட்டு வந்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு மரத்தைக் காக்கலாம், ஏறுவதற்கு ஆள் தராது. வெளியூரில் தழைத்த குடும்பங்கள் ஊருக்கு வரும்போது கோபுரத்துக்கு வண்ணம் பூசக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பங்கு, இன்றும் ஏறுகிற பனையேறிக்கும் விடிலியில் நிற்கும் பெண்ணுக்கும் போனால் பாட்டன் மகிழ்வார்.

வரும் பங்குனி உத்திரத்துக்கு ஊர் கிளம்புகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். வீட்டில் ஆச்சி இருந்தால், அவர் பிறந்த ஊர் எது, அங்கே அவர் கும்பிட்ட சாஸ்தா எது, போகும் வழி எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரையும் அங்கே ஒருமுறை கூட்டிப் போங்கள்.